அக்கரைக் காசு

தலையணையைச் சற்று உயர்த்தி ஈரத்துணியை உதட்டில் வைத்தபோது அப்பா மறுபடியும் கேட்டார்.

"வாங்கியாச்சா?"

மகள் துணியைக் கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அண்ணன், ஆமாம் என்று சொல்லும்படி தலையை ஆட்டிச் சைகை காட்டினான். அவள் பார்க்காதவள் போலத் துணியை மடித்தாள்.

வீடு மேலே, கடை கீழே. ஆற்றுப்பாலத்தின் இந்த முனையில் காசு மாற்றுகிறவர்களின் தெரு அது. பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு, வேறு பணம். அக்கரைக் காசு நூறு கொடுத்தால் நம் காசு எவ்வளவு என்பதைத் தவிர அந்தத் தெருவில் வேறு பேச்சு கிடையாது. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் அதுதான். அப்பாவுக்குத் தெருவில் ரேட்டுக்காரர் என்று பெயர். எந்த வருஷம் எந்த மாதம் கேட்டாலும் அன்றைய ரேட்டைச் சொல்லுவார். பிள்ளைகளின் பிறந்தநாள் தேதி மட்டும் அவர் வாயில் வராது. "இவன் பதினெட்டுல பொறந்தான், இவ பதினொண்ணே கால்ல பொறந்தா" என்பார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொன்னவன் ஒரு நாளாவது காசு மாற்றிப் பார்த்திருக்க மாட்டான் என்பது அவருடைய பழைய வேடிக்கை.

ஒரு வாரமாக அக்கரைக் காசு மலையிலிருந்து உருண்ட கல்லைப் போல இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சு குழறத் தொடங்கிய பிறகும் அப்பா அந்த ஒரு சொல்லைத்தான் விடாமல் சொன்னார். வாங்கு. எல்லாரும் விற்கும்போது வாங்கித்தான் அவர் இந்த வீட்டைக் கட்டினார். கடையில் இருக்கும் நம் காசையெல்லாம் அக்கரைக் காசாக்கிவிடு என்பது அவர் உத்தரவு. அவள் இன்று காலையில் அதற்கு நேர்மாறாகச் செய்திருந்தாள். பெட்டியில் இருந்த அக்கரைக் காசு முழுவதையும் மொத்த வியாபாரியிடம் விற்றுவிட்டாள்.

அண்ணன் அவளை வாசற்படிக்கு இழுத்துப் போனான். அவன் வெளியூரில் பல் டாக்டர்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன கொறஞ்சு போயிடுவ? நிம்மதியா போகட்டும்."

"பொய் சொல்லியா?"

"சாகப்போறவர்கிட்ட என்ன கணக்கு வேண்டிக் கெடக்கு?"

"கணக்கைத் தவிர அவர்கிட்ட வேற என்ன பேசியிருக்கோம்ணா?"

"நீயும் அவரும் ஒரே குட்டையில ஊறின மட்டை. என்னமோ பண்ணு" என்றான்.

"நீ போய் நர்ஸ் அக்கா வந்தாச்சான்னு பாரு. இது பல்லு புடுங்கற வேலை இல்ல."

திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் கண் அவள் முகத்திலேயே இருந்தது. காய்ச்சலில் முகம் சுருங்கியிருந்தாலும் அந்தக் கண் மட்டும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாகவே இருந்தது.

"வாங்கலப்பா. வித்துட்டேன்."

அவர் கை போர்வையைப் பிடித்தது.

"விழுந்தது எழும்" என்றார்.

"எழும். ஆனா எங்க வந்து நிக்கும்? அம்மாவை நீங்க கட்டிக்கிட்டப்போ இருபத்தாறு. அண்ணன் பொறந்தப்போ பதினெட்டு. நான் பதினொண்ணே கால். அம்மா போனப்போ ஏழு. எல்லாம் நீங்க சொன்ன ரேட்டுதான். நடுவுல எத்தனை தடவை எழுந்துச்சு, ஒரு தடவையாவது பழைய எடத்துக்கு வந்துச்சா? படி ஏறுதுன்னு நெனச்சோம். அது படி எறங்கும்போது மூச்சு வாங்க நின்னிருக்குப்பா, அவ்வளவுதான்."

மேலே மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டது. கோபம் வந்தால் அவர் மூக்கு விடைக்கும். இப்போது விடைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு. பதினெட்டு. ஏழுக்கு வந்ததும் நின்றார். அங்கே கொஞ்ச நேரம் இருந்தார்.

"எவ்வளவுக்கு?"

"நாலு நாப்பது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். இவ்வளவு வருஷத்தில் அவருடைய ஒரு சொல்லுக்காக இவ்வளவு நேரம் அவள் காத்திருந்ததில்லை.

"நாலு நாப்பத்தஞ்சு கேட்டிருக்கணும்" என்றார் அப்பா. "அவன் குடுத்திருப்பான்."

"கேட்டேன். சிரிச்சான்."

"சிரிச்சா குடுப்பான்னு அர்த்தம். மண்டு."

நர்ஸ் வந்து நாடியைப் பிடித்தபோது அந்த மண்டுவுக்கு அப்பால் வேறு சொல் வந்திருக்கவில்லை. வரவும் இல்லை.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. தெருவில் எல்லாக் கடைகளும் பாதி ஷட்டரோடு நின்றன. எதிர்க்கடைக்காரர் வந்து, கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அப்பாவுக்குப் போட்டி அவர். தெருவைத் தாண்டி ரேட்டைக் கத்திக் கேட்பதைத் தவிர இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. வெகுநேரம் முகத்தையே பார்த்திருந்தவர், அவள் தண்ணீர் கொண்டு வந்தபோது தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"வாங்கச் சொன்னாரு மாமா."

அவர் தலையசைத்தார். எழுந்திருக்கப் போனார்.

"நான் வித்துட்டேன்."

பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாரு?"

"வெலை பத்தாதுன்னாரு."

எதிர்க்கடைக்காரர் அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாயோரத்தில் சிரிப்பு போல என்னவோ வந்து மறைந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜன்னல் வழியே அவள் பார்த்தாள். அவர் தெருவைக் கடந்து, தன் கடை வாசலில் தொங்கிய பலகையில் காலையில் எழுதியிருந்த எண்ணை உள்ளங்கையால் துடைத்தார். சுண்ணக்கட்டியை எடுத்தார். எழுதவில்லை. அப்பாவிடம் ரேட் கேட்பது போல அண்ணாந்து இந்த ஜன்னலைப் பார்த்தார்.

அவள் நாலு விரலை நீட்டினாள். பிறகு கையை மூடிக் காட்டினாள். இப்போதைய ரேட் நாலு, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"யாருக்குக் கை காட்டுற?" என்றான் அண்ணன்.

கீழே அவர் எழுதி முடித்து, ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டு, மறுபடி இந்த வீட்டு மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார். அவள் அப்பாவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.