சுத்தமான கால்

வேகநடைப் போட்டியில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர எழும்பினால் அது ஓட்டம். கண்ட நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று நடுவர்கள் எழுதிவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இருபது வருடமாக நடக்கும் கோசிமாவுக்கு ஓர் அட்டைகூட விழுந்ததில்லை. ஆரம்பத்தில் அவள் இடுப்பை ஆட்டி ஆட்டிக் கடற்கரைச் சாலையில் பழகியபோது சீட்டியடித்த அதே ஆண்கள், இப்போது காப்பிக் கடையில் "நம்ம கோசிமா கால் சுத்தம்" என்று மார்தட்டுகிறார்கள். எத்தனை பதக்கம் என்று கேட்டால் கோசிமாவும் அதைத்தான் முதலில் சொல்வாள். அவ்வளவு கர்வம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டி சொந்த ஊரில் நடந்தது. ஐரோப்பியக் கோப்பைக்குப் போகும் இத்தாலி அணியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம்; ஜெயிப்பவளுக்கு அது. கோசிமாவுக்கு வயது முப்பத்தாறு; இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

கடைசிச் சுற்றில், தண்ணீர் மேசைகளுக்கு அப்பால் உள்ள வளைவில், இருபத்திரண்டு வயது இலேனியா அவளை முந்தினாள். கோசிமா ஓடினாள். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். ஏழெட்டுத் தப்படி ஓடி இலேனியாவைத் தாண்டிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல மறுபடி நடந்தாள். அவளைப் பிடிக்கப் பதறிய இலேனியாவின் கால்கள் எழும்பின. ஏற்கெனவே இரண்டு அட்டை வாங்கியிருந்த பெண் அவள். வளைவில் நின்ற நடுவர் டொனாட்டா மூன்றாவதை எழுதினாள். எல்லைக் கோட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் இலேனியாவை வெளியேற்றினார்கள். கோசிமா ஜெயித்தாள்.

அழுது சிவந்த முகத்தோடு இலேனியாதான் முதலில் வந்து கட்டிக்கொண்டாள்.

"உங்ககூட வரப் பாத்தேன்க்கா. முடியல, கால் தானா எழும்பிருச்சு. அந்த வேகத்துல எப்பிடிக்கா கால தரையிலயே வச்சிருக்கீங்க?"

"பழக்கம்" என்றாள் கோசிமா.

சொன்ன வாய் கூசியது. அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுக்கொண்டதைப் பார்க்கச் சகிக்காமல், கழுத்துப் பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு டொனாட்டாவைத் தேடிப் போனாள். டொனாட்டா தொப்பியைக் கழற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்து தராலி என்னும் மொறுமொறு ரொட்டி வளையங்களைக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"டொனாட்டா, வளைவுல நான் ஓடினேன்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. நானே சொல்றேன்ல?"

"நீ சொல்லி நான் எழுத முடியுமாடி? கண்ணால பாத்தாத்தான் அட்டை. நான் அந்தப் பொண்ணு காலத்தான் பாத்துட்டிருந்தேன்." வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "உன் கால நான் பாத்தே எத்தனையோ வருஷமாச்சு. பாக்கணும்னு தோணினதில்ல."

கோசிமாவுக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் விலகிக்கிறேன். இடத்த அவளுக்குக் குடுங்க."

"நீ விலகினா உனக்குப் பின்னால வந்த மிலான்காரிக்குத்தான் போகும். இலேனியா வாங்கினது வாங்கினதுதான். அவ கால் எழும்புச்சு, நான் பொய் எழுதல."

திரும்பி வந்தபோது, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்த இலேனியாவின் காலணியை அவள் அம்மா நுன்சியா அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஊர்ப் பெண்கள். நல்லதாகப் போயிற்று, எல்லோரும் கேட்கட்டும் என்று நினைத்தாள் கோசிமா.

"இலேனியா, பழக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வளைவுல நான் ஓடினேன். ஓடித்தான் உன்னத் தாண்டினேன்."

இலேனியா அவளையே பார்த்தாள். பிறகு ஈரக் கண்ணோடு சிரித்தாள்.

"அம்மா, கேட்டியா? என்னத் தேத்துறதுக்காகத் தன் பேரையே கெடுத்துக்கிறாங்க."

"தேத்தலடி. நெசமாத்தான் சொல்றேன்."

"போங்கக்கா. நீங்களாவது, ஓடுறதாவது."

நுன்சியா எழுந்து வந்து, கோசிமாவின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, இரு கன்னத்திலும் முத்தமிட்டாள். "மனுஷின்னா இவதான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பெண்கள் கை தட்டினார்கள். கோசிமாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நுன்சியா அதை விடுவதாகவும் இல்லை.