பிரிட்ஜ் செய்யும் வேலை

ஒரே சுரத்தைக் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நிற்பது கலையே அல்ல, அதை எந்தக் குளிர்சாதனப் பெட்டியும் சம்பளமில்லாமல் செய்யும் என்பதை மனித வரலாற்றில் முதன்முதலாக நிறுவியவன் நிஷான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் அவன் படிக்கும் கல்லூரியின் பத்திரிகையில், கடைசிப் பக்கத்தில், படத்துடன் நிறுவினான்.

படத்தில் இருந்தவள் அவனுடைய பெரியம்மா மகள் றொஷினி. ஐரோப்பாவின் பழைய தேவாலயப் பாட்டுகளையும் மத்தியதரைக் கடலோரத்து அரபு, கிரேக்கப் பாட்டுகளையும் சேர்த்துப் பாடும் குழு ஒன்றில் இருந்தாள். மற்றவர்கள் ஏறி இறங்கிப் பாட, அடியில் ஒரே சுரத்தை விடாமல் பிடிப்பது அவள் வேலை. கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பாள். 'பல் பிடுங்க வந்தவள் போல' என்று நிஷான் எழுதியிருந்தான். கல்லூரியே சிரித்தது. தான் பெரிய எழுத்தாளன் என்பதில் அவனுக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது.

தவக்காலத்துச் சனிக்கிழமை, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலில் அந்தக் குழுவின் கச்சேரி. வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தவன் அறிவித்தல் பலகையைப் பார்த்தான். பாவசங்கீர்த்தன நேரங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, அவன் கட்டுரை.

"நான்தான் போட்டனான்," என்றார் பெரியம்மா, றொஷினியின் அம்மா யோசெப்பின். புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை முடிந்து நேரே வந்திருந்தார். "எனக்கு உந்த இங்கிலிஷ் முழுக்க விளங்காது. றொஷினிதான் வாசிச்சுச் சொன்னவள். 'ஒரு மூலையில ராப்பகலா நிண்டு, வீட்டில ஒண்டும் பழுதாகாமல் காக்கிறவள்' எண்டு எழுதியிருக்கிறியாம். எனக்கு அழுகை வந்திட்டுது, ராசா."

நிஷான் பலகையின் கண்ணாடிக் கதவை இழுத்துப் பார்த்தான். பூட்டு.

"திறப்பு ஃபாதரிட்டை. ஏன், இன்னொண்டும் கொண்டு வந்தனியே?"

இங்கிலிஷ் விளங்கியவர்களும் அந்தக் கோயிலில் இருந்தார்கள். பூசைக்கு உதவும் இரண்டு சிறுமிகள் பலகையைப் பார்த்தார்கள், உள்ளே போய்க்கொண்டிருந்த றொஷினியைப் பார்த்தார்கள், "ம்ம்ம்ம்" என்றார்கள். ஒருத்தி இல்லாத கதவொன்றைத் திறந்து பால் எடுத்தாள். அந்தக் கட்டுரையில் சிரிக்க எதுவுமே இல்லை என்பது நிஷானுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் றொஷினியைப் பிடித்தான்.

"அக்கா, அது சும்மா பகிடிக்கு..."

"தெரியும்."

"பிறகேன் பெரியம்மாவுக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேற என்னத்தைச் சொல்ல? என்ர பெடியன் எழுதினது எண்டு வேலையிடம் முழுக்கக் காட்டித் திரியிறா." அவள் தண்ணீர்ப் போத்தலை மூடினாள். "இப்ப அரியண்டம் தராத. கிறிஸ்தோப்பருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அவர் வரேல்லை."

அந்தச் சுரத்தை எப்போதும் றொஷினியும் கிறிஸ்தோப்பருமாக இரண்டு பேர் பிடிப்பார்கள். ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் விடமாட்டார். கேட்பவருக்கு மூச்சே தேவைப்படாத ஒரு குரல் போலிருக்கும். கட்டுரைக்காக விசாரிக்கப் போனபோது றொஷினி அவனையும் கூடப் பிடிக்கச் சொல்லியிருந்தாள். நாலைந்து தரம் தவறவிட்டு, பிறகு பிடித்தான். அதை எழுதவில்லை.

"தனியவோ பாடப் போறீங்கள்?"

"ஓம். இண்டைக்குச் சரியா வந்தால் நிரந்தரமா எடுக்கிறன் எண்டு செலீன் சொன்னவா." செலீன் குழுவின் தலைவி. "நீ போய் இரு. இல்லாட்டி அந்தப் பிரிட்ஜைக் கூட்டிக்கொண்டு வா."

பெரியம்மா அவனை முதல் வரிசையில் இருத்தி, "எழுதினவர் இவர்தான்" என்று பின்வரிசைக்கும் காட்டிக்கொடுத்தார். நிஷான் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டான்.

கடைசிப் பாட்டு, சிலுவையடியில் மாதாவின் புலம்பல். ஊத் என்ற அரபு நரம்புக் கருவி தொடங்கிவைக்க, றொஷினி அடியில் சுரத்தைப் பிடிக்க, அதன்மேல் செலீன் பாடினாள். றொஷினி முதல்முறை மூச்செடுத்தாள். சின்ன இடைவெளிதான், ஆனால் செலீனின் குரல் படி தவறியதுபோல் ஒருகணம் ஆடியது. இரண்டாம் முறை இடைவெளி நீண்டது. செலீன் திரும்பிப் பார்த்தாள். பின்னால் எங்கோ அந்தச் சிறுமிகள் "ம்ம்ம்" என்று சிரித்தார்கள். இன்னும் அரைப் பாட்டு இருந்தது.

அடுத்த மூச்சுக்கு அவள் தோள் உயர்ந்தபோது நிஷான் குனிந்து, வாயை மூடியபடியே, கழுத்துத் துணிக்குள் அந்தச் சுரத்தைப் பிடித்தான். முதலில் கரகரத்தது. பிறகு நின்றது. றொஷினி ஆறுதலாக, நெஞ்சு நிறைய மூச்செடுத்துவிட்டு வந்து சேர்ந்தாள். அவன் விட்டான், மூச்செடுத்தான், மறுபடி பிடித்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவேயில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவசரப்படவும் இல்லை.

"டேய், என்ன முனகிறாய்?" பெரியம்மா முழங்கையால் இடித்தார். "வயித்துக்க ஏதும் செய்யுதே?"

பதில் சொல்ல வாய் திறந்தால் சுரம் அறுந்துவிடும். நிஷான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.