நொண்டும் வண்டிக்கு இறங்கும் கூடைகள்

அம்மா, கை முழுக்க எண்ணெய், அதனால் பேசியே அனுப்புகிறேன். வேலை போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி பதறாமல் கேள்.

அலெக்சாந்திரியாவின் கர்மூஸ் சந்துகளில், மாடிகளிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடைப் பாத்திரங்களில் பால் ஊற்றுபவர் பிஷாரா. தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவர் பேச்சு வெறும் காற்று. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்புரேட்டர். இரண்டும் தேய்ந்து பெட்ரோலைக் குடித்தன. வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி பிடித்து வந்தார். பட்டறைக்காரர் ரிஃபாத், நாங்கள் உஸ்தா என்று கூப்பிடுபவர், அந்த வேலையை என்னிடம் விட்டார். தனியாக நான் செய்யும் முதல் வண்டி.

"கெடுத்தியோ, அடுத்த ரயில்ல உங்க சூடானுக்கே போயிடு," என்றார்.

"அங்க ரயில் போகாது, உஸ்தா."

"அப்ப நடந்து போ."

விடியற்காலையிலேயே மாட்டினேன். இரண்டும் சமமாக உறிஞ்சுகின்றனவா என்று பார்க்க ஒரு கருவி: பலகையில் வளைத்து அடித்த கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்பு எண்ணெய். குழாயின் ஒரு முனை இடது பக்கத்துக்கு, மறுமுனை வலது பக்கத்துக்கு. எந்தப் பக்கம் அதிகமாக உறிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். கார்புரேட்டரின் திருகைத் தொட்டால் போதும், ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் எழும். யாரோ தூங்குகிறவருடைய மூச்சைப் பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. வண்டி முனகக்கூட இல்லை. சிலிண்டர் மேல் வைத்த தேநீர்க் கோப்பையில் ஓர் அலை இல்லை.

பிஷாரா என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

வெயில் ஏறியதும் திரும்பி வந்தார். இரண்டு கேனும் நிறைந்திருந்தன.

"ஒரு கூடைகூட இறங்கலப்பா," என்றார், காற்றாக. "இன்னும் கொஞ்ச நேரத்துல பால் திரிஞ்சிடும்."

"வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"ரொம்ப நல்லா ஓடுது. அதான் பயமா இருக்கு."

ரிஃபாத் என்னைப் பார்த்தார். "நீயும் கூடப் போ. பால் வித்தாத்தான் திரும்பி வரணும்."

பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சந்துக்குள் கனவில் போவதுபோல் போனோம். சத்தமே இல்லை. மேலே துணிகள் ஆடின, பால்கனிகள் மூடிக் கிடந்தன. கயிற்றைச் சுருட்டி மேலேயே கட்டி வைத்த கூடைகள் பறவைக் கூடுகள்போல் தொங்கின. பிஷாரா வாயைத் திறந்து மூடினார்.

ஒரு வாசலிலிருந்து காய்கறிப் பையோடு வந்த உம் வாகீம், அதாவது வாகீமின் அம்மா, திடுக்கிட்டு நின்றாள்.

"பிஷாரா, எப்பய்யா வந்த? இன்னிக்கு லீவுன்னுல்ல நினைச்சேன்."

"எப்பவும் வர்ற நேரம்தான், உம் வாகீம்."

"நேரத்தை யாரு பார்த்தா? உன் வண்டி நொண்டிக்கிட்டு வர்ற சத்தம் கேட்டாத்தான் நாங்க கூடையை எடுப்போம்."

பிஷாரா என்னைப் பார்த்தார். அவருக்கே தெரியாது, அம்மா. குரல் போன பிறகு இத்தனை நாளும் அவருக்காகக் கூவியது அந்த வண்டிதான். நான் அதன் வாயை அடைத்திருந்தேன்.

குனிந்து இடது பக்கத் திருகைப் பின்னுக்குத் திருகினேன். அதிகமாகிவிட்டது, வண்டி அணைந்தது. அவசரத்தில் மணிக்கட்டு சிலிண்டரில் பட்டுச் சுட்டது. மறுபடி உதைத்துக் கிளப்பி, இந்த முறை காதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். முடுக்கும் கேபிளைத் தொடவில்லை. அதைத் தொடாவிட்டால், மெதுவாகப் போகும்போது மட்டும்தான் நொண்டும், முடுக்கினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

டக். டக்டக். டக்.

மேலே ஒரு தாழ்ப்பாள் விலகியது. பிறகு இன்னொன்று.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? குழந்தை அழுவுது."

"எனக்கு முதல்ல, பிஷாரா. நேத்தும் என்னைக் கடைசியாத்தான் விட்ட."

கூடைகள் இறங்கின. ஆடி ஆடி, வெயிலில் மெல்ல, உள்ளே பாத்திரங்கள் மின்ன. பிஷாரா ஊற்றினார், நான் கயிற்றை இழுத்து மேலே சைகை காட்டினேன். ஒரு கூடையில் பாத்திரம் இல்லை, பாதி தக்காளி மட்டும் இருந்தது.

"அது பாலுக்கு இல்ல," என்றாள் அதற்குள் மாடி ஏறியிருந்த உம் வாகீம். "அந்தப் பையன் கையில சுட்ட இடத்துல வச்சு அழுத்தச் சொல்லு."

திரும்பும்போது பெரிய சாலையில் முடுக்கினார். இரண்டு சிலிண்டரும் ஒரே மூச்சாக ஓடின. பின்னால் காலிக் கேன்கள் மட்டும் கலகலத்துக்கொண்டே வந்தன.