கீரி மாமிக்கு ஒரு புடவை

தாதர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் ருக்கு முதலில் செய்த காரியம், அம்மாவுக்கு நமஸ்காரம் பண்ணியதுதான்.

கூலிகள் கத்திக்கொண்டு பெட்டிகளோடு ஓடுகிற பிளாட்பாரத்தில், ஏழு வயசுப் பெண் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். கட்டிக்கொள்வதற்காக நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தைலாவுக்குத் தெரியவில்லை. குனிந்து தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"பாத்தியா, பர்வதம் எப்படி வளத்திருக்கான்னு!" என்றாள் கூட வந்த கோமதி மாமி. பாலக்காட்டு நூரணியில் பர்வதத்துக்கு அடுத்த வீட்டுக்காரி அவள். மாதுங்காவில் இருக்கும் பிள்ளை வீட்டில் மே மாசத்தைக் கழிக்க வந்திருந்தாள். "வழி பூரா ஒரு அழுகை கிடையாது, ஒரு பிடிவாதம் கிடையாது. என் பேரனும் இருக்கே, வானரம்!"

பிடிவாதக்காரப் பெண்ணைத்தான் மூன்று வருஷத்துக்கு முன் இதே பிளாட்பாரத்தில் தைலா ரயிலேற்றி அனுப்பியிருந்தாள்.

ஜப்பான்காரன் பம்பாய் மேல் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிய சமயம் அது. மாதுங்காவில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. தைலாவின் கணவன் அனந்தகிருஷ்ணனுக்குக் கோட்டைப் பக்கம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. அவன் நகர முடியாது. ஓட்டல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளாது; ஆகவே தைலாவும் நகர முடியாது. நாலு வயசு ருக்கு மட்டும் பாலக்காட்டில் அவன் அக்கா பர்வதத்திடம் போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. குண்டு விழவில்லை. போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். ருக்கு வருவதற்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. முதலில் அம்மை போட்டது. அப்புறம் பம்பாயில் அரிசி கிடைக்கவில்லை. அப்புறம் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். போன வருஷம் டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்தபோது துறைமுகத்தில் கப்பல் வெடித்துப் பாதி ஊர் குலுங்கியது.

'குழந்தை சௌக்கியம். உன்னைக் கேட்பதே இல்லை, கவலைப்படாதே' என்று பர்வதம் கார்டு போடுவாள். தைரியம் சொல்லத்தான் எழுதினாள், பாவம்.

பர்வதத்துக்குக் குழந்தை இல்லை. அவள் புருஷன் பினாங்கில் ரப்பர் கம்பெனியில் குமாஸ்தா. ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த நாளிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி கிடையாது. அதனால்தான் தைலா ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதே அனந்தகிருஷ்ணன் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: "இங்கேயே இருக்கேன்னு குழந்தையா வாயைத் திறந்து சொன்னா இருக்கட்டும். நாமாப் பிடுங்கிக்கப்படாது. கோமதி மாமி திரும்பறதுக்குள்ள தெரியணும், டிக்கெட் எடுக்கணும்."

தைலாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை ருக்குவின் தகரப் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் இருந்தது.

அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பஞ்சாபகேசன் குடியிருந்தார். பகலில் ரயில்வே ஆபீஸ். மற்ற நேரமெல்லாம் குழந்தைகள் புஸ்தகம் போடுவதே அவருக்குப் பைத்தியம். மூடிப்போன ஓர் இங்கிலீஷ் அச்சகத்திலிருந்து மிருகப் படங்களின் அச்சு பிளாக்குகளைச் சல்லிசாக வாங்கி வந்தார். கவுனும் ஏப்ரனும் போட்ட மிருகங்கள். படத்தைப் பார்த்துவிட்டு அதற்குத் தோதாகத் தமிழில் கதை கட்டுவார். ஒரு பிராணி என்னவென்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"கீரின்னு போட்டுட்டேன்" என்றார். "லண்டன்லேர்ந்து ஒருத்தன் வந்து கேக்கப் போறானா?"

யுத்தத்தில் கலர் மசிக்கு எங்கே போவது? கறுப்புக் கோட்டில் அச்சடித்த தாள்களைக் கட்டடத்துப் பெண்களிடம் கொடுத்துக் கையால் வர்ணம் அடிக்கச் சொன்னார். கவுனைப் புடவை மாதிரி தெரியும்படி கொசுவம் வைத்துத் தீட்ட வேண்டும் என்பது உத்தரவு. மற்றவர்கள் மத்தியானம் அவர் வீட்டுக் கூடத்தில் கூடி, ஒருத்தி இலைக்குப் பச்சை, ஒருத்தி கூரைக்குச் சிவப்பு என்று வம்பு பேசிக்கொண்டே அடித்தார்கள். தைலா தன் பங்கை மூன்றாம் மாடிக்கு எடுத்துப் போய்விடுவாள். அந்தக் கூடத்தில் ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு குழந்தை ஏறி விழுந்துகொண்டிருக்கும்.

இரண்டு அறையிலும் தாள்கள் காயும். காலையில் கணவன் போனால் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். அதுவரை தைலாவோடு இருந்தவர்கள் மழையில் தொலைந்துபோன முள்ளெலிக்குட்டியும், அதைத் தேடும் அம்மா முள்ளெலியும், குட்டிக்கு ராத்திரி இடம் கொடுத்துக் கஞ்சி கொடுத்த கீரி மாமியும்தான். கடைசிப் படத்தில் மழை விட்டிருக்கும். அம்மாவும் குட்டியும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். 'உதவி செய்தவர்களை ஒருநாளும் மறக்கக் கூடாது' என்று கீழே கட்டம் கட்டி நீதி.

ருக்குவுக்கென்று ஒரு பிரதியை மட்டும் தைலா நாள் கணக்கில் உட்கார்ந்து அடித்தாள். அம்மா முள்ளெலிக்கு அரக்குப் புடவை, மஞ்சள் பார்டர், பார்டரில் பொட்டுப் பொட்டாகக் கட்டம். ருக்குவை ரயிலேற்றிய அன்று அவள் கட்டியிருந்த புடவை. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி, அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று குழந்தை அலறியதே, அதை மறந்திருக்க முடியுமா? புஸ்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் இது அம்மா என்று குழந்தைக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினாள்.

வந்த பெண்ணோ விருந்தாளியாக இருந்தாள். எழுந்ததும் படுக்கையைச் சுருட்டி வைத்தாள். "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தாள். தலை வாரும்போது சிக்கில் சீப்பு மாட்டினால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். கீழே காம்பவுண்டில் விளையாடும் பிள்ளைகள், "ஏய் லட்கீ, நீச்சே ஆ!" என்று இந்துஸ்தானியில் கீழே வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தப் பாஷை அவளுக்குப் புரியவில்லை. கேலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் அலுத்துப் போகும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அத்தை ஏன் உன்கூட வரலை?" என்று ஒருநாள் தைலா பேச்சுக் கொடுத்தாள்.

"தபால்காரன் வரச்சே ஆத்துக் கதவு பூட்டியிருக்கப்படாது" என்றாள் ருக்கு. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, தானாகவே பெட்டியைத் திறந்து புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மலையாளப் பத்திரிகைத் தாளில் அட்டை போட்டிருந்தது. தைலா அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படிக்கத் தெரியுமா ருக்கு?"

"ஸ்கூல்ல மலையாளம். தமிழ் அத்தை இதிலேதான் சொல்லிக் குடுத்தா." விரல் வைத்துத் தட்டாமல் படித்தாள். 'சோ'வென்று மழை கொட்டும் இடத்தில் குரலை ஏற்றி, கஞ்சி கொடுக்கும் இடத்தில் இறக்கினாள். இன்னொருத்தியின் குரல் அது. பர்வதம் அப்படித்தான் பேசுவாள்.

கடைசிப் பக்கம் வந்தது. தைலா புடவையில் விரலை வைத்தாள். "இது யாரு, தெரியறதா?"

"முள்ளெலி அம்மா."

"இந்தப் புடவையை எங்கேயாவது பாத்திருக்கியோ?"

ருக்கு யோசித்தாள். சரியான பதில் ஒன்று இருக்கிறது, அது தனக்குத் தெரியவில்லை என்கிற பயம் முகத்தில் தெரிந்தது. தைலா எழுந்து போய் டிரங்கைத் திறந்து அந்தப் புடவையையே எடுத்து வந்து மடியில் விரித்தாள். குழந்தை பார்டரை ஒருமுறை தடவினாள்.

"நன்னா இருக்கு" என்றாள்.

தைலா புடவையை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு கோணிக்கொண்டு போயிற்று.

"அம்மா, இதுக்கெல்லாம் நீதானே வர்ணம் அடிச்சே? கீரி மாமிக்கு மட்டும் ஏன் அடிக்கலை?"

தைலா பார்த்தாள். படத்தின் ஓரத்தில், வீட்டு வாசலில், போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கீரி நின்றது. அதன்மேல் காவி ஒரே இழுப்பாக இழுத்திருந்தது. முகம், புடவை, கதவு எல்லாம் ஒரே காவி; கோட்டைத் தாண்டிச் சுவர் வரைக்கும் வழிந்திருந்தது. முன்பக்கத்து இலைகளுக்கெல்லாம் நரம்பு வரைந்த கை அது.

"அம்மாக்கு வர்ணம் தீந்து போயிருக்கும்னு அத்தை சொன்னா" என்றாள் ருக்கு. "தீந்து போச்சா?"

"ஆமாம்" என்றாள் தைலா.

"அவா ரெண்டு பேரும் போனப்புறம் கீரி மாமி என்ன பண்ணுவா? புஸ்தகத்துல போடலையே."

"அவளுக்கு ஆத்து வேலை இருக்கும்."

அந்தப் பதில் ருக்குவுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. ஆனால் மேலே கேட்கவில்லை. கேட்டு நச்சரிக்கிற பெண் இல்லை அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோமதி மாமி டிக்கெட் விஷயம் கேட்டு வந்தாள். புதுத் தாள் கட்டைக் கொடுக்கப் பஞ்சாபகேசனும் மாடியேறி வந்திருந்தார். புஸ்தகத்தை ருக்குவின் கையில் பார்த்ததும் அவருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"பலே! கதையோட நீதி என்ன, சொல்லு பாப்போம்."

"உதவி செய்தவர்களை ஒருநாளும் மறக்கக் கூடாது."

"கேட்டேளா அனந்தகிருஷ்ணன்? நீதி இல்லாம வெறும் கதை போடுங்கோன்னு ஒருத்தன் யோசனை சொன்னான். காசு குடுக்கறவன் அப்பன்காரன்னா! கொழந்தையா குடுக்கறது?"

அனந்தகிருஷ்ணன் சிரித்துவிட்டு, மகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டான். "ருக்கு, அப்பா ஒண்ணு கேப்பேன், பயப்படாம சொல்லணும். இங்கே எங்களோட இருக்கியா? இல்லை, மாமிகூட அத்தையாத்துக்குப் போறியா?"

கீழே பால்காரன் பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. ருக்கு அப்பாவைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், புஸ்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அம்மா என்ன சொல்றாளோ அப்படி" என்றாள்.

"அடடா, என்ன சமத்து!" என்று கோமதி மாமி நெட்டி முறித்தாள்.

அனந்தகிருஷ்ணன் தைலாவைப் பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குப் புரியாமல் இல்லை. குழந்தை 'இருக்கேன்' என்று சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் காயும் தாள்கள் அவள் கண்முன் வந்தன. நூரணியில் பூட்டாத ஒரு வீடும் வந்தது. பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றாள் தைலா.

குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. பஞ்சாபகேசன் தாள் கட்டை வாசல் ஓரமாக வைத்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். கோமதி மாமி, "நான் பர்வதத்துக்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்று கேலரியில் நின்று அனந்தகிருஷ்ணனிடம் கேட்டது உள்ளே கேட்டது. ருக்கு "சரி" என்று சொல்லிவிட்டு, சிந்தியிருந்த காப்பியைத் துணி எடுத்துத் துடைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தைலா தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

மத்தியானம் அனந்தகிருஷ்ணன் உள் அறையில் தூங்கினான். ருக்கு தயங்கித் தயங்கி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன்."

"மாமிகூடப் புஸ்தகத்தைக் குடுத்தனுப்பட்டுமா? அத்தைக்கு ராத்திரி படிக்க ஒண்ணும் இருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "வர்ணம் வாங்கிட்டியோன்னோ? கீரி மாமிக்கு அடிச்சுக் குடுக்கறியா?"

தைலா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் பலகையைப் போட்டாள். பழைய காவியை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். முழுக்கப் போகவில்லை, ஆனால் முகத்தின் கோடுகள் மேலே வந்தன. சின்ன பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள்.

"அத்தை எந்தப் புடவை கட்டிப்பா?"

"பச்சை."

"கிளிப்பச்சையா?"

"இல்லை, வாழையிலைக்குப் பின்பக்கம் இருக்குமே, அந்தப் பச்சை. மாமா பினாங்குலேர்ந்து கொண்டு வந்தது. தபால்காரன் வர நேரத்துக்குன்னே அதைக் கட்டிப்பா. அவன் போனப்புறம் அவிழ்த்து மடிச்சு வெச்சுட்டு வேற கட்டிண்டு அடுப்பு மூட்டுவா. ஒருநாள் நான்தான் பார்டர்ல மை கொட்டிட்டேன். அத்தை திட்டவே இல்லை, தானே போய்த் தோச்சா, போகலை. அப்புறம் அந்த இடம் உள்ளே போற மாதிரி கட்டிக்கக் கத்துண்டா. அம்மா, அத்தை மடிசார்னா கட்டிப்பா! இந்தக் கீரி சும்மா சுத்திண்டிருக்கு."

"கீரிக்கு மடிசாரா!" தைலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளையையும் பச்சையையும் குழைத்தாள். வந்த இத்தனை நாளில் குழந்தை இவ்வளவு பேசியதில்லை. அத்தை மூக்குத்தியின் திருகு தொலைந்தது, கோவில் குளத்தில் அத்தை நீந்தத் தெரியாமல் படியிலேயே உட்கார்ந்திருப்பது, மாமா பெயரைச் சொல்லாமல் 'பினாங்கு' என்றே சொல்வது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. தைலா தெரியாத ஊரின் கதையைக் கேட்பதுபோல் கேட்டாள். நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் சொன்னாள்.

ருக்கு நன்றாகப் பார்ப்பதற்காக அவள் தோள்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு குனிந்தாள். பிரஷ் நுனி கதவுப் பக்கம் நகர்ந்தது.

"மெதுவா, மெதுவா!" என்று ருக்கு அதட்டினாள். "கோட்டைத் தாண்டாம அடிம்மா."