முதல் கியரில் பசறைக்கு

மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கும் ரோட்டு, பெரிய கார் வருகிற சத்தம் கேட்டால் தன் குழிகளை மூடிக்கொள்ளும். கடைசிக் கார் போனதும் திறந்துகொள்ளும். வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் காலத்தில் போட்ட ரோட்டு அது. துரை வந்தால், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் ஆட்கள் விறைத்து நிற்பதைப் பார்த்தே வளர்ந்ததால் அந்தப் பழக்கம் அதற்கும் தொத்திக்கொண்டது என்று தொழிலாளர் லயத்தில் சொன்னார்கள். துரைமார் போய், தோட்டம் பல கை மாறிய பிறகும் ரோட்டுக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை கொழும்பு ஸ்போர்ட்ஸ் கார் கிளப்காரர்கள் மலை பார்க்க வரிசையாக வரும்போது அது கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அவர்களும் ரோட்டைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஓட்டோக்காரன் புவனேந்திரனை அந்த ரோட்டு ஒரு நாளும் சட்டை செய்ததில்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தான். ரோட்டு ஏமாறவில்லை, பொலிஸ்காரர்தான் எழுந்து வந்தார். இதை அவனே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பான். ஆனால் முந்தின தடவை மனைவி நிஷாந்தினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, குலுக்கிய குலுக்கலில் பிள்ளை வழியிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு பெரிய குழி வந்தால் மட்டும் அவன் பேச்சு நின்றுவிடும்.

இந்தத் தடவை அவளுக்கு வலி எடுத்த காலையில், கிளப் கார்கள் மேலே தேத்தண்ணிக்கு நின்றிருந்தன. புவனேந்திரன் ஓடிப்போய், முதல் காரை ஓட்டிவந்த பஸ்லியா என்பவள் முன்னால் நின்றான். பண்டாரவளையில் பிறந்து கொழும்பில் பல் டொக்டராக இருப்பவள்.

"மிஸ், கொஞ்சம் முன்னால போறீங்களா? நீங்க போனா ரோட்டு ஒழுங்கா நடந்துக்கும்."

"என்ட கார்லயே ஏத்துங்களேன் தம்பி."

கார் இருக்கை தரையோடு தரையாகக் கிடந்தது. நிஷாந்தினி அதை ஒரு தடவை பார்த்தாள். "அதுல உக்காந்தா புள்ளயோடதான் எந்திரிப்பேன்."

ஆகவே சிவப்புக் கார் முன்னால் போனது, ஓட்டோ பின்னால். பஸ்லியா இரண்டாவது கியருக்கு மாற்றியதும் எஞ்சின் சத்தம் தணிந்தது, குழிகள் வாயைப் பிளந்தன. உடனே முதல் கியருக்கு வந்தாள், அப்புறம் மாற்றவே இல்லை. கார் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. முன்கார் போகிற வழியில் போவது கிளப் சட்டம் என்பதால், மற்றக் கார்களும் என்ன ஏது என்று கேட்காமல் பின்னால் ஊர்ந்தன. பசறைக் கடைவீதியில் கல்யாணமோ என்று எட்டிப் பார்த்தார்கள். நிஷாந்தினியின் மடியிலிருந்த சுடுதண்ணிப் போத்தல்கூட ஆடவில்லை. பதுளை ஆஸ்பத்திரி வாசலில் கார் சூடேறிப் படுத்துவிட்டது, லொறியில் ஏற்றித்தான் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே பெண் பிள்ளை பிறந்தது. அது அழுதால் முதல் கியரில் மலையேறுகிற சத்தம். சிவசக்தி என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளையோடு வீடு திரும்பிய நாளில் முன்னால் கார் எதுவும் இல்லை. பசறை தாண்டியதும் சிவசக்தி பசியில் வீறிட்டாள். ரோட்டு குழிகளை மூடிக்கொண்டது. நிஷாந்தினி பால் கொடுக்கப் போனாள்.

"கொஞ்சம் பொறு புள்ள," என்றான் புவனேந்திரன், எதிரே வந்த வளைவைப் பார்த்து. "இந்த முடக்கு தாண்டட்டும்."

இப்போது தோட்டத்தில் யாருக்கு வலி எடுத்தாலும் முதலில் சிவசக்தியைத்தான் தூக்கி ஓட்டோவில் வைக்கிறார்கள். மூன்று வயதாகிவிட்டது, தகப்பனைப் போலச் சிரித்த முகம், லேசில் அழமாட்டாள். அதனால் புவனேந்திரன் ஒவ்வொரு முடக்கிலும் ஒரு டொபியைக் காட்டிவிட்டு, கொடுக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் மனம் கேட்காமல் அத்தனையையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறான். பிள்ளைக்குப் பல்லெல்லாம் சொத்தை. அதை வருஷத்துக்கு ஒருமுறை பஸ்லியா கிளப்போடு வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.