தண்ணீர் வராத ஞாயிறு

1

கால்வலி உள்ளவர்கள் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். இது ஒரு நாள் முழுக்க நடப்பதைப் பற்றிய கதை. கடைசிவரை யாராவது நடப்பார்களா என்பது எழுதுகிற எனக்கே தெரியாது.

கதை கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வடலூர் பேருந்து நிலையம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். "உப்பங்கழியில செருப்பு போட்டுகினு நடக்கலாமாடி?" என்றாள் ஒருத்தி. "தெரியலக்கா" என்றாள் மற்றவள். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். நான் கேட்டது அவ்வளவுதான். மீதி எல்லாம் நானாகக் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவைதான்: கேட்டவள் பட்டம்மாள், தெரியாதவள் நாகம்மாள்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "கிள்ளையின் உப்பங்கழி மேல் வெயில் வெள்ளித் தகடுபோல—"

இல்லை. அவர்கள் இன்னும் நெய்வேலியைத் தாண்டவில்லை. வெள்ளித் தகட்டை எடுத்து வைத்திருக்கிறேன், வேறு கதைக்கு ஆகும்.

இரண்டாவது: "பட்டம்மாளும் நாகம்மாளும் குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபத்தாறு வருடம் குடியிருந்தார்கள்." இது நிற்கிறது. பட்டம்மாளுக்குக் குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமம். நாகம்மாள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இரண்டு பேர் வீட்டுக்காரர்களுக்கும் சுரங்கத்தில் வேலை.

[பட்டம்மாளின் வீட்டுக்காரர் கதை முடியும்வரை தூங்கிக்கொண்டிருப்பார். நைட் ஷிஃப்ட். சத்தம் போடாமல் படியுங்கள்.]

நாகம்மாளின் வீட்டுக்காரர் ஜெயராமன் ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டியாகிவிட்டது. இனி லாரி வர வேண்டியதுதான் பாக்கி.

3

நடக்க வேண்டும் என்ற ஆசை யாருடையது என்பதில் எனக்குக் குழப்பம் இருந்தது. பட்டம்மாளுக்குக் கொடுத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. நாகம்மாளிடம் கொடுத்ததும் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"தினம் சாயங்காலம் நடக்கோம், பத்து நிமிசத்துக்கு ஒரு ரவுண்டானா வந்து திருப்பி விட்டுருது. போறதுக்குள்ள ஒரு நாள் முழுக்க நேரா நடக்கணும்க்கா. மேடு பள்ளம் இல்லாம. நீயும் நானும் மட்டும்."

"மேடு பள்ளம் இல்லாத எடத்துல பார்க்கறதுக்கு இன்னாடி இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது. அதான் பேசலாம்."

(எங்கள் நெய்வேலியில் மேடு என்றால் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண், பள்ளம் என்றால் வெட்டிய இடம். இரண்டும் இல்லாத தரைக்கு ஆசைப்படுவது இங்கே பெரிய ஆசைதான்.)

4

திட்டம் போட்டவர் ஜெயராமன். காலையில் சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம், அங்கிருந்து கிள்ளை. எட்டு மணிக்கு நடையைத் தொடங்குவது, பன்னிரண்டுக்குப் புளிசாதம், நாலுக்குத் திரும்புவது. அப்பட்டமான ஜெனரல் ஷிஃப்ட், சுரங்கத்தில் வாராவாரம் மாறாத பகல் வேலை நேரம். உப்புத் தரைக்கும் அதே நேரம்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

பட்டம்மாளின் உறவுக்காரர் பரமசிவம் கிள்ளையில் படகு வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"தண்ணி ஏறுறப்ப கழி ஓரம் முழுகிடுங்க. இந்த ஞாயித்துக்கெழமை உச்சி வெயில்ல ஏறும்" என்றார் பரமசிவம். "நாளைக்கு ரெண்டு தபா ஏறி எறங்கும், தெனம் முக்கா மணி நேரம் பின்னாடி தள்ளிகினே போவும்."

"யார் ஏத்துறா?" என்றார் ஜெயராமன்.

"யாரும் ஏத்தலைங்க. அதுவா ஏறுது."

 ஜெயராமன் சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷன். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். இரவு பகலாக இறைத்தால்தான் மேலே வேலை நடக்கும். "கீழே இருந்து வர்ற தண்ணின்னா எங்கிட்ட விடுங்க. பக்கத்துல இருந்து வர்றது என் செக்‌ஷன் இல்லை" என்றவர், அன்றோடு திட்டத்திலிருந்து விலகிக்கொண்டார்.

பரமசிவத்திடம் கேட்டுச் சொல்லும் பொறுப்பு பட்டம்மாளுக்கு வந்தது.

5

அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

[இந்த இடத்தில் மழை, காய்ச்சல், ஒரு மஞ்சள் நீராட்டு என்று காரணங்களை எழுதிவைத்திருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பட்டம்மாள் ஒரே காரணத்தைத்தான் சொன்னாள்.]

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள். திங்கட்கிழமை லாரி. பட்டம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாகம்மாளின் தலை மட்டும் தெரிந்தது.

"நாளைக்கு எப்பக்கா தண்ணி?"

"மத்தியானம் ஏறுதாம்டி. இன்னா பண்றது."

"போன வாரம்?"

"மத்தியானந்தான்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதுவும்… மத்தியானந்தான்."

"ஏங்க்கா, கடலுக்கு மட்டும் பெர்மனென்டா ஜெனரல் ஷிஃப்டா?"

பட்டம்மாள் பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள்.

"வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறி மாறிச் சோறு கட்டுனவ நீ. தினம் முக்கா மணி தள்ளுனா ஏழு நாள்ல எங்க போய் நிக்கும்னு உனக்குத் தெரியாது? ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மத்தியானம் தரை காஞ்சுதானக்கா கிடக்கும்?"

"தெரியும்."

"பரமசிவம் அண்ணனுக்குப் போன் போட்டியா?"

"மொத வாரம் போட்டதோட சரி."

"பெறகு ஏன்க்கா?"

"நடந்துட்டு வந்தா நீ பூடுவ."

"நடக்கலன்னாலும் திங்கக்கிழமை லாரி வந்துரும்."

"அது லாரி வந்து இட்டுகினு போறது. நடந்துட்டு வந்தா, நானே அனுப்பி வெச்ச மாதிரி ஆவும்டி."

நாகம்மாளின் தலை சுவரிலிருந்து இறங்கிவிட்டது. அவள் அழுதாளா, சிரித்தாளா என்று எழுத நினைத்தேன். சுவர் மறைத்தது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஜெயராமன் மனம் மாறிப் பக்கத்து வடலூரிலேயே வாடகைக்கு வீடு பார்க்கிறார். உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். ஆனால் அவர் அந்த வசனத்தைச் சொல்ல மாட்டேன் என்றார். ஊர் வீட்டில் போர் போட்டு, நல்ல தண்ணீராக வந்திருக்கிறதாம்.

இரண்டாவதில் பாதி வழியில் தண்ணீர் சூழ்ந்து, இருவரும் ஒரு கரைமேல் உட்கார்ந்துவிடுகிறார்கள், லாரி காத்திருக்கிறது. எழுதும்போது சுகமாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், தரை காய்ந்திருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் நானும் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறேன்.

மூன்றாவதில் நடக்கிறார்கள், திரும்புகிறார்கள், மறுநாள் லாரி போய்விடுகிறது. இதை முடிக்காமல் வைத்திருக்கிறேன். "நாகம்மாள் முன் சீட்டில் ஏறி—" என்பதோடு நிற்கிறது. இந்தக் கதையை நான் எத்தனை ஞாயிறாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் கேட்காதது உங்கள் நல்ல மனசு.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது வடலூரில் கேட்ட அந்த ஒரு கேள்விதான். கிளம்பிவிட்டவளும் செருப்பைப் பற்றிக் கேட்பாள். இன்னும் தள்ளிப்போட நினைப்பவளும் அதையேதான் கேட்பாள். அவர்கள் ஏறிய பேருந்து சிதம்பரம் போவதா, திரும்ப நெய்வேலிக்கு வருவதா என்று நான் போர்டைப் பார்க்கவில்லை.

செருப்பைப் பற்றி மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன். சேற்றில் மாட்டிக்கொள்ளுமாம், கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் நல்லதாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவர்களைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள், கண்ணுகளா. போகும்போது சொன்னால் போதும். திரும்பி வரும்போது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.