முதல் முடிச்சு

யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள ரப்பர் ஃபெக்டரியில், உறைவதற்காக ரப்பர் பாலில் அசிட் கலப்பது பிரதீபனின் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் நிரோஷாவுக்கும் கல்யாணம். வியாழக்கிழமை காலை, நினைப்பெல்லாம் அவளிடம் இருந்ததில், கேன் சரிந்து அசிட் வலது கையில் கொட்டிவிட்டது.

மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் கத்தி பட்டால் காயத்தில் ரப்பர் பாலைத் தடவிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் அவனும் பக்கத்து வாளிப் பாலுக்குள் கையை விட்டான். அசிட் பட்டால் பால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிறவன்தான். அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. கையை எடுத்தபோது விரல்களின் மேல் பால் வெள்ளையாக இறுகியிருந்தது. உள்ளே நெருப்பாய் எரிந்தது.

உறைந்த பாலை ஷீட்டாக உருட்டி, புகையில் காயவைக்க அனுப்பும் ரோலரில் நின்ற இருளாயி அத்தை ஓடிவந்து அவனைப் பைப்படிக்கு இழுத்துப் போனாள். தண்ணீரைத் திறந்து, ரப்பரை உரித்து, அவன் போதும் போதும் என்று கெஞ்சியும் கையை விடவில்லை.

"கைய ஷீட்டாக்கிப் புகைவீட்டுல தொங்கவிடப் பாத்தியா, மாப்பிள?"

வலிக்கு நடுவிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

தண்ணீர் விட்டதால்தான் கை பிழைத்தது என்றார் டிஸ்பென்சரி ஐயா. விரல்களைச் சேர்த்துக் கட்டி, இரண்டு கிழமைக்கு அவிழ்க்கக் கூடாது என்றார். தாலி கட்ட வேண்டுமே என்றான் பிரதீபன். அவர் கட்டுத் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். மறுநாள் அசிட் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பைப்பும், ஒரு சோடிக் கையுறையும் வந்த பிறகுதான் அத்தை ரோலரைத் தொட்டாள்.

இரண்டாம், மூன்றாம் முடிச்சுகளை அக்கா போட்டுவிடுவாள். முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது. தள்ளிவைத்தால் ஆடி வந்துவிடும் என்றாள் அம்மா. பிரதீபன் லய வீட்டுத் தூணில் கயிற்றைச் சுற்றி, இடது கையாலும் பல்லாலும் பழகிப் பார்த்தான். ஒரு முடிச்சும் நிற்கவில்லை.

நிரோஷாவுக்குப் போன் எடுத்துச் சொன்னான். மழைச் சத்தத்துக்கு மேலே, எந்தக் கை, எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டாள். கல்யாணமே வேண்டாம் என்பாளோ என்று அதற்குள் அவன் நினைத்துவிட்டான்.

"நீங்க வாங்க, பாத்துக்கலாம்," என்றாள் கடைசியில்.

கோயிலில் கெட்டிமேளம் முழங்கியது. இடது கையால் தாலியை அவள் கழுத்தில் வைத்தான். ஒரு முனை நழுவியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குனிந்த தலை நிமிராமலே நிரோஷா கையைப் பின்னால் கொண்டுவந்து அந்த முனையைப் பிடித்தாள்.

"சுத்துங்க. நான் விடமாட்டேன்."

அவன் சுற்றினான், அவள் இழுத்தாள். பொண்ணே கட்டிக்கிட்டாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த இறுக்கு இறுக்கிட்டு, எனக்கு எதுக்குடா ரெண்டு மிச்சம் வச்சீங்க?"